23 மி.மீ. ‘எஸ்’, 22 மி.மீ. ‘ஐ’: இரண்டு கல்ச்சர் ரிப்போர்ட்டில் எதை நம்புவது?

மேலூர்க்காரர் ஒருவர் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சர்க்கரை நோய் உள்ள 62 வயது அம்மாவுக்கு நீர்க்கடுப்பு. ஊரிலேயே ஒரு லேப்பில் யூரின் கல்ச்சர் (சிறுநீரில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) பார்த்ததில் இ.கோலை என்ற கிருமி, மில்லிலிட்டருக்கு ஒரு லட்சத்துக்கு மேல். சிப்ரோஃப்ளாக்சசின் மருந்துக்கு 23 மி.மீ. (மருந்து வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டத்தின் அகலம்), ‘எஸ்’, அதாவது கிருமி மருந்துக்கு மசியும். அந்தத் தாளைக் காட்டி மெடிக்கலில் சிப்ரோ வாங்கி மூன்று நாள் சாப்பிட்டும் எரிச்சல் முழுதாக விடவில்லை. பத்து நாள் கழித்து மதுரையில் இன்னொரு லேப். அதே இ.கோலை, ஆனால் சிப்ரோவுக்கு 22 மி.மீ., ‘ஐ’, அதாவது இடைநிலை. இரண்டு தாளிலும் நைட்ரோஃபுரான்டாயின் மாத்திரைக்கு 20, இமிபெனம் ஊசிக்கு 28 மி.மீ., இரண்டுக்கும் ‘எஸ்’. எந்த லேப் தப்புச் செய்தது, பெரிய வட்டம் காட்டும் இமிபெனம் ஊசியையே போட்டுவிடலாமா என்று கேட்கிறார். அந்த மில்லிமீட்டரும் அதன் பக்கத்தில் நிற்கும் எழுத்தும் எப்படி வருகின்றன என்று தெரிந்துவிட்டால் இரண்டுக்கும் பதில் கிடைத்துவிடும். நுண்ணுயிரியல் மேசையில் தினமும் நடக்கும் வேலை இது. வெளியே யாரும் விளக்கிச் சொல்வதில்லை.

முதல் கேள்விக்கு நேரான பதில்: அளவைப் பொறுத்தவரை இரண்டு லேப்பும் ஒன்றையேதான் சொல்லியிருக்கின்றன. 23க்கும் 22க்கும் உள்ள ஒரு மில்லிமீட்டர் இந்தச் சோதனையில் வித்தியாசமே இல்லை. எழுத்து மாறியதற்குக் காரணம் அநேகமாக அவர்கள் பார்த்த அட்டவணை. லேப் சோதனைகளுக்கு அளவுகோல் வகுக்கும் அமெரிக்காவின் சிஎல்எஸ்ஐ அமைப்பு வெளியிடும் அட்டவணையைத்தான் நம் ஊர் லேப்கள் பெரும்பாலும் வைத்திருக்கின்றன. அது ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும். இ.கோலை வகைக் கிருமிகளுக்கு சிப்ரோ வட்டம் 21 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் ‘எஸ்’ என்பது பழைய கணக்கு. 2019-இல் அதை மாற்றினார்கள்: 26 அல்லது அதற்கு மேல் ‘எஸ்’, 22 முதல் 25 வரை ‘ஐ’, 21 அல்லது அதற்குக் கீழே ‘ஆர்’, அதாவது கிருமி மருந்தை எதிர்க்கிறது. பழைய அட்டவணையில் 23-ஐத் தேடினால் ‘எஸ்’. புதியதில் தேடினால் 22, 23 இரண்டும் ‘ஐ’. முதல் லேப் பழைய கணக்கிலேயே நிற்கிறது என்று நினைக்கிறேன். லேப்புக்குப் போன் செய்து, “எந்த வருஷத்து சிஎல்எஸ்ஐ பார்க்கிறீர்கள்?” என்று கேட்டால் அரை நிமிடத்தில் உறுதியாகிவிடும். கேட்பதில் தயக்கம் வேண்டாம், நியாயமான கேள்வி. ரிப்போர்ட்டின் அடியிலேயே அதை அச்சிடும் லேப்களும் உண்டு.

எல்லைக்கோட்டை ஏன் நகர்த்தினார்கள் என்றால், மருந்தின் அளவு உடம்பில் எவ்வளவு ஏறுகிறது, பழைய கணக்கில் ‘எஸ்’ வாங்கிய கிருமிகளில் எவை ஏற்கெனவே எதிர்ப்புக்குப் பாதி தூரம் போயிருந்தன என்பது பின்னால்தான் தெளிவானது. கிருமி அதேதான், வட்டமும் அதேதான். அதற்கு அர்த்தம் சொல்லும் அறிவு மாறியது. ஐரோப்பிய அட்டவணையைப் பார்க்கும் லேப்பாக இருந்தால் இன்னொரு சிக்கல்: அங்கே 2019 முதல் ‘ஐ’ என்றால், மருந்தின் அளவைக் கூட்டினால் அல்லது மருந்து அதிகமாகச் சேரும் இடமாக இருந்தால் வேலை செய்யும் என்று பொருள். ‘ஐ’ என்பதைப் பாதி தோல்வி என்று படித்துவிடக் கூடாது.

இனி அந்த வட்டம் எப்படி வருகிறது என்று பார்ப்போம். முதல் நாள் சிறுநீரை அளவு வளையத்தால் எடுத்து அகார் (கிருமி வளர்க்கும் ஊட்டக் கூழ்) பிளேட்டில் இழுத்து, இரவு முழுக்க இன்குபேட்டரில் வைப்பார்கள். மறுநாள் காலையில் கிருமிக் கூட்டங்கள் எண்ணத்தக்கபடி முளைத்திருக்கும். எந்தக் கிருமி என்று கண்டுபிடிக்கும் வேலையோடு சேர்த்து அன்றுதான் மருந்துச் சோதனையும் போடப்படும்; அதைப் படிப்பது மூன்றாம் நாள். “சிறுநீர் கொடுத்து மூன்று நாள் ஆச்சு, இன்னும் ரிப்போர்ட் தரலையே” என்று லேப் வாசலில் கோபப்படுகிறவர்களுக்காகச் சொல்கிறேன், கிருமி வளர எடுக்கும் நேரத்தை யாராலும் குறைக்க முடியாது. நேரத்தை மிச்சம் பிடிக்கச் சிறுநீரையே நேராகச் சோதனைப் பிளேட்டில் பூசினால், இரண்டு கிருமி கலந்திருந்தாலும் தெரியாமல் போகும், கிருமியின் அளவும் கட்டுப்பாட்டில் இருக்காது.

சோதனைக்கான பிளேட் முல்லர்-ஹின்டன் அகார். 1941-இல் ஜான் முல்லரும் ஜேன் ஹின்டனும் வேறொரு கிருமியை வளர்க்கத் தயாரித்த ஊட்டக்கலவை அது. இன்றைய டிஸ்க் முறையை பாவர், கிர்பி, ஷெரிஸ், டர்க் நால்வரும் 1966-இல் ஒழுங்குபடுத்தினார்கள். ஒரே மாதிரியான மூன்று முதல் ஐந்து கூட்டங்களைத் தொட்டு, உப்பு நீரில் கரைத்து, மெக்ஃபார்லண்ட் என்ற கலங்கல் அளவுகோலில் 0.5-க்குக் கொண்டுவர வேண்டும். அதாவது மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 15 கோடி கிருமி. ஒப்பிடுவதற்கான திரவத்தைச் செய்வது எளிது: 1.175 சதவீத பேரியம் குளோரைடு 0.05 மி.லி., 1 சதவீத கந்தக அமிலம் 9.95 மி.லி. வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடு போட்டு, இரண்டு குழாய்களையும் அதன் முன் பிடித்துப் பார்த்தால் கோடு ஒரே மாதிரி மங்க வேண்டும். கலக்கிய 15 நிமிடத்துக்குள் பஞ்சு ஸ்வாப்பை நனைத்து, குழாய்ச் சுவரில் அழுத்திப் பிழிந்து, பிளேட் முழுக்க மூன்று முறை பூச வேண்டும். ஒவ்வொரு முறையும் பிளேட்டை 60 டிகிரி திருப்பி, கடைசியில் விளிம்பைச் சுற்றி ஒரு இழுப்பு. ஈரம் இழுக்க மூன்று முதல் ஐந்து நிமிடம் விட்டு, டிஸ்க்குகளை வைக்க வேண்டும். டிஸ்க் என்பது மருந்து ஊறிய 6 மி.மீ. காகித வில்லை. ஒன்றின் மையத்துக்கும் அடுத்ததின் மையத்துக்கும் 24 மி.மீ.க்குக் குறையக் கூடாது, அதனால் 100 மி.மீ. பிளேட்டில் ஐந்துக்கு மேல் வைப்பது சரியில்லை. அகாரைத் தொட்ட டிஸ்க்கை நகர்த்தக் கூடாது. தொட்ட கணமே மருந்து இறங்க ஆரம்பித்துவிடும். 15 நிமிடத்துக்குள் கவிழ்த்து 35 டிகிரியில் 16 முதல் 18 மணி நேரம். காலையில் கறுப்புப் பின்னணியில் பிளேட்டின் அடிப்பக்கத்திலிருந்து ஸ்கேல் வைத்து அளக்கிறார்கள். ரிப்போர்ட்டில் 6 மி.மீ. என்று இருந்தால் வட்டமே விழவில்லை, டிஸ்க்கின் அகலத்தைத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இதில் நடப்பது ஒரு ஓட்டப்பந்தயம். டிஸ்க்கிலிருந்து மருந்து வெளியே பரவுகிறது, தூரம் போகப் போக நீர்த்துப்போகிறது. அதே நேரத்தில் கிருமி பெருகுகிறது. மருந்து போய்ச் சேர்வதற்குள் கிருமி போதிய அளவு பெருகிவிட்ட இடத்தில் வட்டத்தின் விளிம்பு நின்றுவிடும். விளிம்பு எங்கே என்பது முதல் சில மணி நேரத்திலேயே முடிவாகிவிடுகிறது. ஆகவே மேலே சொன்ன நிமிடங்களும் மில்லிமீட்டர்களும் சடங்கு கிடையாது. கலங்கல் கூடினால் கிருமி முந்திக்கொள்ளும், வட்டம் சுருங்கும், வேலை செய்யும் மருந்துக்கு ‘ஆர்’ விழும். கலங்கல் குறைந்தால் வட்டம் பெருத்து, வேலை செய்யாத மருந்துக்கு ‘எஸ்’ விழும். இரண்டாவது பிழைதான் நோயாளிக்கு ஆபத்து. அகார் 4 மி.மீ. தடிமன் இருக்க வேண்டும், 100 மி.மீ. பிளேட்டுக்கு 25 முதல் 30 மி.லி. காசை மிச்சம் பிடிக்க 15 மி.லி. ஊற்றினால் மருந்து கீழே போக இடமில்லாமல் பக்கவாட்டில் பரவி வட்டம் பெருக்கும். சமதளமில்லாத மேசையில் ஊற்றினால் ஒரே பிளேட்டில் ஒரு பக்கம் பெரிய வட்டம், மறுபக்கம் சின்ன வட்டம். கார அமில அளவு 7.2 முதல் 7.4க்குள் நிற்க வேண்டும். அமிலப் பக்கம் சாய்ந்தால் ஜென்டாமைசின் போன்றவற்றின் வட்டம் சுருங்கும், டெட்ராசைக்ளின் வட்டம் பெருக்கும். டிஸ்க் போட்ட பிளேட்டை மேசையிலேயே மறந்து வைத்துவிட்டால், கிருமி மெதுவாக வளரும் நேரத்தில் மருந்து முன்னால் ஓடிவிடும். இன்குபேட்டரில் ஐந்துக்கு மேல் அடுக்கினால் நடுப் பிளேட்டுகள் சூடேறத் தாமதமாகி அதே பிழை வரும்.

நம் பக்கத்து வெயிலுக்கு டிஸ்க் பராமரிப்பு தனிக் கவலை. அன்றாடம் எடுக்கும் டிஸ்க் 8 டிகிரிக்குக் கீழே, இருப்பு ஃப்ரீசரில். இமிபெனம், கிளாவுலனேட் சேர்ந்தவை எல்லாம் சூட்டுக்கும் ஈரத்துக்கும் சீக்கிரம் வீரியம் இழப்பவை. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே டப்பாவைத் திறந்தால், சித்திரை மாத மதுரைக் காற்றில் உள்ள ஈரம் குளிர்ந்த டிஸ்க்கில் வியர்த்து இறங்கிவிடும். மூடிய டப்பா அறைச் சூட்டுக்கு வர ஒன்று இரண்டு மணி நேரம் விட வேண்டும். இரவெல்லாம் கரண்ட் போய் ஃபிரிட்ஜ் நின்றிருந்தால் அந்த டிஸ்க்கை அப்படியே நம்பக் கூடாது. வீரியம் போன டிஸ்க் எந்தக் கிருமிக்கும் சின்ன வட்டமே தரும், நல்ல மருந்தையெல்லாம் ‘ஆர்’ ஆக்கிவிடும்.

இவற்றைப் பிடிக்கத்தான் தரக்கட்டுப்பாட்டுக் கிருமிகள். இ.கோலை ஏடிசிசி 25922 என்ற கிருமியை நோயாளியின் கிருமி போலவே சோதித்தால், ஜென்டாமைசினுக்கு 19 முதல் 26 மி.மீ.க்குள்ளும், செஃப்ட்ரியாக்சோனுக்கு 29 முதல் 35க்குள்ளும் வர வேண்டும். வராவிட்டால் அன்றைய ரிப்போர்ட்டை நிறுத்திவைத்துவிட்டு, அகாரா டிஸ்க்கா கலங்கலா என்று தேட வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள். எல்லாம் சரியாக நடக்கும் லேப்பிலேயே, ஒரே கிருமிக்கு ஒரே மருந்தில் ஆறேழு மில்லிமீட்டர் அகலமான வரம்பு அனுமதிக்கப்படுகிறது. அப்படி இருக்க, இரண்டு லேப்பின் 22-ஐயும் 23-ஐயும் வைத்து யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

இமிபெனம் விஷயம். 28 மி.மீ., 20 மி.மீ.யை விடப் பெரிதுதான். ஆனால் ஒரு மருந்தின் வட்டத்தை இன்னொரு மருந்தின் வட்டத்தோடு ஒப்பிடுவது, மல்லிகையை முழத்திலும் அரிசியைப் படியிலும் அளந்துவிட்டு எது அதிகம் என்று கேட்பது போல. இமிபெனம் டிஸ்க்கில் இருப்பது 10 மைக்ரோகிராம், நைட்ரோஃபுரான்டாயின் டிஸ்க்கில் 300 மைக்ரோகிராம். அகாருக்குள் பரவும் வேகமும் மருந்துக்கு மருந்து வேறு. ஒவ்வொரு மருந்துக்கும் அதனதன் எல்லை: இமிபெனத்துக்கு 23, நைட்ரோஃபுரான்டாயினுக்கு 17. இரண்டுமே தாண்டிவிட்டன, அத்தோடு வட்டத்தின் வேலை முடிந்தது. கோலிஸ்டின் என்ற மருந்து இதற்கு நல்ல உதாரணம். அந்த மூலக்கூறு பெரிது, அகாரில் ஊர்ந்துகூடப் போகாது. ஆகவே டிஸ்க் முறையில் அதைச் சோதிக்கவே கூடாது. கோலிஸ்டின் வட்டத்தை மில்லிமீட்டரில் எழுதி ‘எஸ்’ போட்ட ரிப்போர்ட் கையில் இருந்தால், அந்த ஒரு வரியை ஒதுக்கிவிடுங்கள். ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமிக்கு வான்கோமைசின் டிஸ்க்கும் அப்படியே.

இமிபெனம் வகை ஊசிகள், மற்றவை கைவிட்ட பிறகு ஐ.சி.யூ.வில் உயிர் காக்க வைத்திருப்பவை. வாயால் சாப்பிடும் ஒரு மாத்திரைக்கு மசியும் கிருமிக்கு அதைப் போட்டால், அம்மாவின் குடலில் உள்ள மற்ற கிருமிகளும் அதை எதிர்க்கப் பழகும். அடுத்த முறை காய்ச்சல் வரும்போது எடுக்க எதுவும் மிஞ்சாமல் போகலாம். இதை மனதார வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன், வட்டம் பெரிதென்று ஊசியைக் கேட்டு வாங்காதீர்கள்.

மெஷினில் பார்க்கும் லேப்களில் மில்லிமீட்டருக்குப் பதில் எம்ஐசி என்று ஒரு எண் வரும்: கிருமி வளர்வதை நிறுத்தும் மிகக் குறைந்த மருந்தளவு. 0.25, 0.5, 1, 2 என்று இரட்டித்து இரட்டித்துப் போகும் அளவுகளில் சோதிப்பது. இங்கே எண் சிறியதாக இருந்தால் நல்லது, ஆனால் அதையும் மருந்துக்கு மருந்து ஒப்பிடக் கூடாது. ஒரு படி முன்னே பின்னே வருவது சோதனையின் இயல்பு. சிப்ரோவுக்கு ஒரு லேப் 0.25 ‘எஸ்’ என்றும் இன்னொன்று 0.5 ‘ஐ’ என்றும் கொடுத்தால் அதுவும் சண்டைக்குரிய வித்தியாசமில்லை.

சிறுநீர் போய்ச் சேரும் விதத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் பிளேட்டுக்குப் போக வேண்டும், முடியாவிட்டால் 4 டிகிரியில் வைக்க வேண்டும். அப்படி வைத்தால் 24 மணி நேரம் தாங்கும். காலையில் மேலூரில் வாங்கிய டப்பா, பெட்டியில் ஐஸ் பேக் இல்லாமல் மதியம் மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்குகிறது என்று வையுங்கள். இ.கோலை நல்ல சூட்டில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கக்கூடியது. அந்த வேகத்தில் 2,000 கிருமி இரண்டு மணி நேரத்தில் 1,28,000 ஆகிவிடும். சிறுநீரில் அவ்வளவு வேகம் இராது, ஆனாலும் ‘ஒரு லட்சத்துக்கு மேல்’ என்ற வரி வழியில் பிறந்ததாக இருக்க இடமுண்டு. வயதானவர்களிடம் டப்பாவைக் கொடுக்கும்போது, கழுவிவிட்டு, முதல் சிறுநீரை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும் என்று ஒருவர் பொறுமையாகச் சொல்லித் தர வேண்டும்.

எழுத்துக்கு எட்டாத விஷயங்களும் உண்டு. அட்டவணையின் எல்லைகள் பெரும்பாலும் இரத்தத்தில் மருந்து ஏறும் அளவை வைத்துப் போடப்பட்டவை. சிப்ரோ சிறுநீரில் பல மடங்கு சேரும். எனவே சிறுநீர்ப்பையோடு நிற்கும் தொற்றில் ‘ஐ’ வந்தாலும் அது வேலை செய்யக்கூடும். மதுரைச் சுற்று வயல்களில் நெல் தோகை பட்டு வரும் கருவிழிப் புண்ணிலும் இதே கதை: 0.5 சதவீத மாக்சிஃப்ளாக்சசின் சொட்டில் மில்லிலிட்டருக்கு 5,000 மைக்ரோகிராம் மருந்து இருக்கிறது, இரத்த அளவை வைத்துப் போட்ட ‘ஆர்’ அங்கே அப்படியே செல்லாது. தலைகீழாகவும் நடக்கும். டைஃபாய்டு கிருமிக்கு ஜென்டாமைசின் வட்டம் அழகாக விழும், ஆனால் செல்லுக்குள் ஒளிந்திருக்கும் அந்தக் கிருமியிடம் உடம்பில் அது எடுபடாது. நல்ல லேப் அதை ரிப்போர்ட்டில் எழுதாது. கிளெப்சியெல்லாவுக்கு ஆம்பிசிலின் ‘எஸ்’, புரோட்டியஸுக்கு நைட்ரோஃபுரான்டாயின் ‘எஸ்’ என்று கண்டால் கிருமியின் பெயரையோ சோதனையையோ சந்தேகப்படுங்கள். இந்தக் கிருமிகள் அந்த மருந்துகளுக்குப் பிறவியிலேயே மசியாதவை.

உங்கள் அம்மா விஷயத்தில் உறுதியாகச் சொல்லக்கூடியவை: இரண்டு ரிப்போர்ட்டும் முரண்படவில்லை, சிப்ரோ இந்தக் கிருமிக்கு முழு நம்பிக்கைக்குரிய மருந்தில்லை, நைட்ரோஃபுரான்டாயினுக்குக் கிருமி மசிகிறது. உறுதியில்லாதது, எரிச்சல் ஏன் நிற்கவில்லை என்பது. கிருமி பாதி எதிர்ப்பில் இருந்ததாலா, மூன்று நாள் போதாததாலா, சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாததாலா, கல் போல வேறு காரணமா என்று பிளேட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. நைட்ரோஃபுரான்டாயின் சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு மட்டும் உதவும். இரத்தத்திலும் சிறுநீரகத் திசுவிலும் போதிய அளவு சேராது. ஆகவே குளிர் காய்ச்சல், விலாப்பக்க வலி, வாந்தி ஏதாவது இருந்தால் அது போதாது, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். சிறுநீரகம் பழுதுபட்டிருந்தாலும் அந்த மருந்து ஒத்துவராது. சர்க்கரைக்காரர் என்பதால் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்தச் சோதனை) பார்க்காமல் ஆரம்பிக்கக் கூடாது.

மருத்துவரிடம் போகும்போது இரண்டு ரிப்போர்ட்டையும், கிரியாட்டினின் அளவையும், மெடிக்கலில் வாங்கிய சிப்ரோ அட்டையையும் கொண்டுபோங்கள். எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை, கடைசி மாத்திரை என்றைக்கு என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். மறுபடி கல்ச்சர் கேட்டால் அடுத்த மருந்தின் முதல் மாத்திரை போடுவதற்கு முன்பே சிறுநீரைக் கொடுத்துவிட வேண்டும். லேப் சீட்டிலும் “சிப்ரோ மூன்று நாள் எடுத்தது” என்று எழுதச் சொல்லுங்கள். எரிச்சல் முழுதாகப் போய்விட்டால், கிருமி போய்விட்டதா என்று பார்க்கவே இன்னொரு கல்ச்சர் கொடுக்கத் தேவையில்லை. தொந்தரவு இல்லாத வயதான பெண்கள் பலருக்குச் சிறுநீரில் கிருமி இருக்கும். அதற்கு மருந்து வேண்டியதில்லை.